தொழுவை மறந்த அரண்மனை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் எந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏறினாலும் ஒரு பழைய பாளையத்தில் போய் இறங்கலாம். மேற்கே கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை, ஆயக்குடி. தெற்கே அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை. சிறுமலையைச் சுற்றிக்கொண்டு போனால் எமக்கலாபுரம், தவசிமடை. கிழக்கிந்தியக் கம்பெனி 1790-இல் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்து, மெக்லியோடு என்பவரை முதல் கலெக்டராக உட்கார வைத்தபோது அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது இருபதுக்கும் மேற்பட்ட பாளையங்களை. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் போடிநாயக்கனூரும் தேவாரமும் அன்று திண்டுக்கல் சீமைதான்.

இந்தப் பாளையங்களின் தலைமைக் குடும்பங்களில் பெரும்பாலானவை வந்தேறிக் குடும்பங்கள். இதைச் சொன்னால் இன்று சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் அந்தக் குடும்பங்களே தங்கள் வரலாற்றை அப்படித்தான் எழுதிக் கொடுத்தன. கர்னல் காலின் மெக்கன்சி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்களை அனுப்பித் திரட்டிய பாளையப்பட்டு வம்சாவளிகளைப் புரட்டினால், கதை வடக்கே தொடங்குகிறது. முன்னோர் துங்கபத்திரைக் கரையில் இருந்தார்கள், அங்கே ஆபத்து வந்தது, தெற்கே கிளம்பினார்கள் என்று போகும். ராஜகம்பளத்தார் மரபில் இன்னொரு காட்சியும் உண்டு. பின்னால் பகைவர் துரத்த, முன்னால் வெள்ளம் புரண்ட ஆறு. இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுப் பாலமாயின. மனிதர்களும் மாடுகளும் அதன் மேல் நடந்து தப்பினார்கள். அதனால்தான் புங்க மரத்துக்கு அவர்களிடம் இன்றும் தனி மரியாதை.

பாலத்தின் மேல் மாடுகளும் நடந்தன என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

பாளையம் என்றால் நம் நினைவுக்கு வருவது வாளும் குதிரையும் கோட்டையும். அதில் தவறில்லை. கணவரை இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்தது விருப்பாட்சி; அதன் தலைவர் கோபால் நாயக்கரைக் கம்பெனி 1801-இல் தூக்கிலிட்டது. அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்தக் குடும்பங்கள் முதன்முதலில் இந்தச் சமவெளிக்குள் வந்தபோது கையில் பிடித்திருந்தது வாளைவிட அதிகமாக மாட்டுக் கயிறு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும். பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டுக்காடு. மழை வந்தால் சோளம், வராவிட்டால் முள். ஆற்றுப் பாய்ச்சலை முன்பே வந்தவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, வறண்ட காட்டில் பிழைப்பு நடத்த மந்தைதான் துணை. காட்டைத் திருத்தி உழுதது பிறகு; பாளையப்பட்டு, கப்பம், காவல் வரி எல்லாம் அதற்கும் பிறகு.

பிறகு வந்தது வீடு.

விக்டோரியா மகாராணி காலத்துக்குள் நுழையும்போது பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாகிவிட்டார்கள். படை கிடையாது, காவல் உரிமை கிடையாது, பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டினால் போதும். சண்டை போட வேலை இல்லாத குடும்பங்கள் வீட்டைப் பெரிதாக்கின. போடிநாயக்கனூர் ஜமீனை எடுத்துக்கொள்ளலாம். குடும்ப மரபுப்படி, 14-ஆம் நூற்றாண்டில் ஆந்திரத்துக் குத்தி வட்டாரத்திலிருந்து வந்த சக்கு நாயக்கர்தான் முதல்வர். யாராலும் அடக்க முடியாத ஒரு காட்டுப்பன்றியைக் கொன்று அரச தயவு பெற்றார் என்பார்கள். ஐந்நூறு ஆண்டு கழித்து அதே குடும்பத்தின் அரண்மனையில் லட்சுமி விலாசம் என்ற மண்டபம், அதன் சுவரெல்லாம் இராமாயண ஓவியம். ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் நாயக்கர் கால மரபின் கடைசி மூச்சுகளில் ஒன்றாக அதைக் கணக்கில் எடுப்பார்கள். கணவருக்குப் பின் ஜமீன் பொறுப்பை ஏற்ற காமுலம்மாளின் பெயரில் போடியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜ.கா.நி. மேல்நிலைப்பள்ளி என்று ஊரே சொல்லும். அந்த மூன்று எழுத்துக்குள் ஒரு ஜமீன்தாரிணி இருப்பது படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் போயிற்று, வரி போயிற்று, வீடு மட்டும் நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் ‘மரபைக் காப்போம்’ என்று யாராவது எழுந்தால் பேச்சு வீட்டைச் சுற்றியே வருகிறது. காரை பெயர்கிறது, உத்தரம் இற்றுவிட்டது, அரசு கவனிக்குமா? நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. வந்தேறிக் குடும்பங்களின் வரலாறு வீட்டில் இருப்பதைவிட மாட்டுத் தொழுவில்தான் அதிகம் இருக்கிறது. வீட்டைக் கேட்க நாலு பேராவது இருக்கிறார்கள். தொழுவைக் கேட்க ஆள் இல்லை.

கம்பத்துக்குப் போனால் இது கண்ணெதிரே தெரியும். கன்னடம் பேசிக்கொண்டு வந்த காப்பிலியர் சமூகத்தின் நந்தகோபாலன் கோயில் அங்கே இருக்கிறது. தம்பிரான் மாட்டுத் தொழு என்றால்தான் உள்ளூரில் வழி சொல்வார்கள். கோபுரம், கோட்டை என்று அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது மாடுகளை. முன்னோர் கன்னட நாட்டிலிருந்து ஓட்டி வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் இவை என்பது நம்பிக்கை. ஏரில் பூட்டுவதில்லை. பாலைக் கறந்து விற்பதில்லை. இறந்தால் மரியாதையோடு புதைக்கிறார்கள்.

மந்தைக்கு ஒரு தலைவன் உண்டு: பட்டத்துக் காளை. அது இறந்துவிட்டால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று நூறு ஆண்டுக்கு முன்பே அச்சில் ஏறியிருக்கிறது. நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் கூட்டுவார்கள். கற்பூரம், பாக்கு சகிதம் ஒரு கட்டுக் கரும்பை முன்னால் வைப்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ அதுவே பட்டத்துக்கு உரியது. மஞ்சளும் குங்குமமும் பூசி முடிசூட்டிவிடுவார்கள். வேட்பாளர்களுக்கு வயது வரம்பு, சொத்துக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டார விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து இந்த மாடுகளைக் கும்பிட்டுப் போகிறார்கள்.

திண்டுக்கல் சமவெளியிலும் இதன் உறவுமுறை உண்டு. ராஜகம்பளத்தார் ஊர்களில் சாமிக்கு நேர்ந்துவிட்ட சலகெருதுகள். திண்டுக்கல், கரூர், திருச்சி மாவட்டங்கள் சந்திக்கும் வறண்ட பகுதியில் கோயில் விழா என்றால் மாலை தாண்டுதல் இல்லாமல் முடியாது. மந்தை மந்தையாக அழைப்புப் போகும். ஒவ்வொரு மந்தைக்காரரும் தங்கள் எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். உருமி முழங்கும், தேவராட்டம் ஆடுவார்கள். எருதுகளை ஊருக்கு வெளியே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அங்கிருந்து விரட்டிவிட, புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவை கோயில் பக்கம் பாய்ந்து வரும். பக்கத்திலேயே ஆட்களும் ஓடி வருவார்கள். எல்லையில் விரித்திருக்கும் துணியை முதலில் தாண்டும் எருதின் மேல் மஞ்சள் பொடி தூவுவார்கள். பரிசு எலுமிச்சம்பழம். கார் இல்லை, தங்கக் காசு இல்லை, பீரோ இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வாடிவாசல் பக்கமே நிற்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இதே போன்றதொரு வந்தேறிக் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையை அமெரிக்கா என்ன செய்தது என்று பார்ப்பது பயன்படும். மொன்டானா மாநிலத்தில் டியர் லாட்ஜ் என்ற சிற்றூரின் ஓரத்தில் ஒரு வெள்ளை மரவீடு இருக்கிறது. கனடாவில் பிறந்த, பூர்வகுடி இரத்தக் கலப்புள்ள வணிகர் ஜானி கிராண்ட் 1862-இல் கட்டியது. நான்கு ஆண்டு கழித்து அதை வாங்கியவர் கான்ராட் கோர்ஸ். வீடு, மந்தை எல்லாம் சேர்த்து விலை 19,200 டாலர். கோர்ஸ் பிறந்தது 1835-இல், இன்று ஜெர்மனியில் இருக்கும் ஹோல்ஸ்டைனில். சிறு வயதிலேயே கடலோடியாகக் கிளம்பியவர், தங்கம் தேடி மலைப்பக்கம் வந்தார், தங்கம் கிடைக்காமல் இறைச்சிக்கடையில் நின்றார். சுரங்கத் தொழிலாளிக்குக் கறி வேண்டும், கறிக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும் என்று படிப்படியாக ஏறியவர், உச்சத்தில் நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஒரு கோடி ஏக்கர் மேய்ச்சலில் மாடு விட்டிருந்தார். 1868-இல் அவரை மணந்து வந்த ஆகஸ்டாவுக்கு வயது பத்தொன்பது. அவரும் ஹோல்ஸ்டைன் பக்கத்துப் பெண்தான். 1886–87 பனிக்காலத்தில் சமவெளி முழுக்க மாடுகள் உறைந்து செத்தன. கோர்ஸ் கடன் வாங்கி எழுந்தார். 1890-இல் பழைய மரவீட்டுக்குப் பின்னால் செங்கல்லில் ஒரு பெரிய கட்டு எழுந்தது. விக்டோரியா பாணி அறைகலன்கள் வந்து இறங்கின. ஆகஸ்டா 1945 வரை வாழ்ந்தார்.

பேரன் கையிலிருந்து பண்ணை அரசிடம் வந்து 1972-இல் தேசிய வரலாற்றுத் தலமானது. அப்போது எடுத்த ஒரு முடிவுதான் இங்கே நமக்குத் தேவை. வீட்டை மட்டும் பூட்டிச் சீட்டு விற்கவில்லை. சுமார் 1,600 ஏக்கரையும் சேர்த்துக் காத்தார்கள். இன்றும் அங்கே மாடு மேய்கிறது, கோடையில் புல் அறுக்கிறார்கள், குதிரைக்கு லாடம் அடிக்கிறார்கள். தேசியப் பூங்காத் துறை என்ற மத்திய அரசுத் துறை, சம்பளம் கொடுத்து மாடு வளர்க்கிறது. ஏனென்றால் மாடு இல்லாத மாட்டுப்பண்ணை வீடு வெறும் மரச்சாமான் கடை.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு கோடி ஏக்கர் யாரோ சும்மா விட்டுவைத்த புல்வெளி அல்ல. பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களுக்குத் தள்ளி, காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்த பிறகு கிடைத்த வெளி. நம் ஊர் வந்தேறிக் கதையிலும் இருட்டுப் பக்கம் உண்டு. அரண்மனைச் சுவருக்குக் கல் சுமந்தவர்கள் யார், வெட்டி வேலை செய்தவர்கள் யார் என்று வம்சாவளிகள் சொல்லாது. தெலுங்கு பேசிக்கொண்டு இந்த மண்ணில் குடியேறிய இன்னொரு சமூகம் அருந்ததியர். கமலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கைத்தொழில் இல்லாமல் மேட்டுக்காட்டுக் கிணறுகள் ஒரு போகம்கூட விளைவித்திருக்காது. திண்டுக்கல் பெயர் வாங்கிய தோல் பதனிடும் தொழிலுக்கும் இந்த மாடுகளுக்குமான தொடர்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வம்சப் பெருமையை மட்டும் எழுதி வைக்கும் எந்த அருங்காட்சியகத்திலும் இவர்களுக்கு இடம் இருக்காது. தொழுவில் தொடங்கும் வரலாற்றில் இருக்கும். மேய்த்தவர், தைத்தவர், பதனிட்டவர், சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

சரி, நம் சட்டம் என்ன செய்கிறது? 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொல்சின்னங்கள் சட்டம் கட்டடத்தையும் கல்வெட்டையும் இடிபாட்டையும் அறியும். மாநில மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-இலேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கும் மேலாயிற்று. அந்த ஆணையத்தின் பட்டியலில் போடி அரண்மனை போன்றவை சேர வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. சுவரோவியம் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டால் எந்த ஆணையத்தாலும் மீட்க முடியாது. ஆனால் தொழுவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

ஜல்லிக்கட்டுக்காக 2017-இல் சட்டத்தைத் திருத்தினோம். நாட்டு மாட்டினத்தைக் காக்கவே இந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதலையும் வாங்கினோம். மகிழ்ச்சி. ஆனால் காளை ஆண்டுக்கு ஒரு நாள்தான் வாடிவாசலில் நிற்கிறது. மீதி நாளெல்லாம் அதற்கு வாய்க்குப் புல் வேண்டும். அந்தக் கேள்வி வந்தபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில், மேகமலைக் காட்டில் மாடு மேய்ப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எங்கும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. தேனி, திண்டுக்கல் மலையடிவாரத்துக் கிடை மாட்டுக்காரர்கள் கலங்கிப் போனார்கள். அதே மாதத்தில் நீதிமன்றமே உத்தரவைத் திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு தடையை நிறுத்திக்கொண்டது. மற்ற மாவட்டங்களுக்கு அது நிம்மதி. மேகமலைக்காரர்களுக்கு? 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டுவிட்டது.

புலிக்குக் காடு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயிரக்கணக்கில் மாட்டை உள்ளே விட்டால் காடு தாங்காது என்று வனத்துறை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேய்ச்சல்காரர் என்ற பெயரில் வியாபாரிகளின் மாடும் மலையேறுகிறது என்ற புகார் பழையது. ஆகவே யாருடைய மாடு, எத்தனை, எந்த மாதத்தில், எந்த வழியில் என்று எழுதி வைப்பதுதான் வழி. எழுதாமல் விட்டால் அனுமதி ஒரு அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும்.

சமவெளியில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்று நிலம் ஒதுக்கிய காலம் உண்டு. அந்த இடங்களில் பாதி ஆக்கிரமிப்பு. மீதியில் பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி, அரசு அலுவலகம். எல்லாமே ஊருக்குத் தேவைதான், அதனால் யாரும் கேட்பதில்லை. ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. சலகெருது வைத்திருக்கும் ஊர்களில் முதலில் அந்தத் தீர்ப்பைச் செயல்படுத்திப் பார்த்தால் என்ன? அரண்மனைக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஆகும் செலவைவிட ஒரு சர்வேயரும் நாலு கல்லும் மலிவு.

மலைப்பக்கத்துக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் மேய்ச்சல் சமூகங்களின் பருவகாலப் பயன்பாட்டையும் சமூக உரிமையாக ஏற்கிறது. பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுத் தொடர்பைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மனு கிராம சபையில் தொடங்கி மாவட்டக் குழுவுக்குப் போகும். அங்கே கலெக்டர்தான் தலைவர். சாதாரண மாட்டுக்காரருக்கு இந்த நிபந்தனை பெரிய மலை. அவரிடம் பட்டா இருக்காது, ரசீது இருக்காது, தாத்தா சொன்ன வழித்தடம்தான் இருக்கும். அதைக் கிழவர்களின் வாக்குமூலமாக வாங்கிப் பதிவுசெய்யச் சட்டத்தில் இடமுண்டு; அதைச் செய்துகொடுக்க வருவாய்த் துறையில் ஒருவர் வேண்டும்.

கம்பம் தொழுவுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியரில் தம்பிரான் மாடு பற்றிய குறிப்பு இருக்கிறது. எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வெளிவந்த தம் தொகுப்பில் பட்டத்துக் காளையைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டும் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானவை. மனுவோடு இணைக்க வேண்டிய பக்கங்களை நகல் எடுத்துக் கொடுக்க மாவட்ட மைய நூலகமே போதும்.